பட்டமளிப்பு விழாவுக்கு எத்தன பேரு வரலாம்னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு

தம்பிக்கு பிஎச்டி வைவா, அதான் கடைசி வாய்மொழித் தேர்வு, முடிஞ்ச அன்னைலேர்ந்து வீட்டுக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "விழா எப்பம்மா, வேன் சொல்லிடலாமா?" பெரியப்பா வீட்ல எல்லாரும் வர்றாங்களாம், அத்தை வீட்ல மருமகளையும் சேத்து வர்றாங்களாம், திருத்துறைப்பூண்டி சித்தி மட்டும் "நா ஒருத்திதான்டி, ஓரமா நின்னு பாத்துக்குறேன்"ங்குது. நான் ஏற்கெனவே பட்டம் வாங்குனவ, அதனால இதுல எனக்கு எல்லாம் அத்துப்படின்னு வீட்ல ஒரு நெனப்பு, யாரு போன் பண்ணாலும் எங்கிட்டயே குடுத்துடுறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் ஒரேடியா எழுதிடுறேன்.

மொதல்ல ரெண்டு விழாவ போட்டு கொழப்பிக்காதீங்க. நம்ம பக்கத்து கலைக்கல்லூரி நெறைய பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு கீழதான் வருது, 1982ல ஆரம்பிச்சது, திருச்சிலேர்ந்து புதுக்கோட்டை போற ரோட்டுல இருக்கு. பிஏ, பிஎஸ்சி, எம்ஏ முடிச்ச புள்ளைங்க பெரும்பாலும் அவங்கவங்க காலேஜ்லயே கிராஜுவேஷன் டேன்னு வச்சு வாங்கிக்குவாங்க, அங்க கொஞ்சம் தாராளமா ஆள் விடுவாங்க, பாப்பாவ தூக்கிட்டு போலாம், பின்னாடி நின்னு விசில்கூட அடிக்கலாம். போன வருஷம் அத்தை மவ வாங்குனது அந்த விழா. பல்கலைக்கழக மேடை வேற. அதுல பிஎச்டி முடிச்சவங்களும் ரேங்க் எடுத்தவங்களும்தான் பெரும்பாலும் ஏறுவாங்க, மத்தவங்களுக்கு பேர் படிக்காமலே பட்டம் குடுத்ததா அறிவிச்சிடுவாங்க. மாநில பல்கலைக்கழகத்துக்கு பெரும்பாலும் ஆளுநர்தான் வேந்தர், அவரு தேதி குடுத்தாத்தான் விழா. அதனால வைவா முடிஞ்சு மாசக்கணக்குல காத்துக்கெடக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் வேலைக்கு கீலைக்கு அப்ளை பண்ண ப்ரொவிஷனல் சர்டிபிகேட் இருக்கு, "பட்டமே இன்னும் வாங்கல அதுக்குள்ள பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்குறான்"னு கடைத்தெருவுல பேசாதீங்க மாமா, உங்களத்தான் சொல்றேன்.

பெரிய ஆளுங்க வந்தா இன்னும் கெடுபிடி. 2024 ஜனவரி 2ஆம் தேதி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோட 38ஆவது பட்டமளிப்பு விழாவுக்கு பிரதமர் மோடி வந்தாரு, 2025 செப்டம்பர் 3ஆம் தேதி திருவாரூர் மத்திய பல்கலைக்கழகத்தோட 10ஆவது விழாவுக்கு குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வந்தாங்க. அந்த மாதிரி நாள்ல ஓரமா நிக்கிறதுங்குற பேச்சே கெடையாது சித்தி, கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே பாரிகேட் போட்டுருவாங்க.

சரி, பாஸ். பட்டம் வாங்குறவங்களுக்கு ஒரு பாஸ், கூட வர்றவங்களுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. அவ்ளோதான். இது கல்யாணம் இல்ல, பந்தில கடைசி வரிசைல எல பத்தலன்னா ரெண்டு எல சேத்துப்போடுற கதை இங்க நடக்காது. யாருக்கு தெரிஞ்சவரு எந்த ஆபீஸ்ல இருந்தாலும் சீட்டுல நம்பர் ஒட்டியிருக்கும். என்னோடதுக்கு ரெண்டு பாஸ் கெடச்சுது, அம்மாவுக்கு ஒண்ணு அப்பாவுக்கு ஒண்ணுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா தேதி வந்தது தை மாசத்துல. தஞ்சாவூர் ஜில்லாக்காரங்களுக்கு நான் வெளக்கணும்னு இல்ல, சம்பா அறுப்பு, மெஷின் கெடைக்காம ஊரே அலையுது, நமக்கு சொன்ன மெஷின் சரியா விழாவுக்கு மொதநாள் வயல்ல எறங்குது, அறுத்த நெல்ல டிபிசிக்கு, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு, கொண்டுபோய் கொட்டியாச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, காய வைக்கணும், மேகம் வேற மூடிக்கிட்டு வருது, தார்ப்பாய் கையில வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் ஆள் நிக்கணும். அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, "நீ போய் வாங்கிட்டு வா, நெல்லு எங்கயும் நவுராது, நானும் நவுர முடியாது."

அந்த பாஸ யாருக்கு குடுக்குறதுன்னு வீட்ல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. பெரியப்பா பேரு வந்துச்சு, மரியாதைக்கு. தாய்மாமன் பேரு வந்துச்சு, மொறைக்கு. நான் அப்பாயிய கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். பள்ளிக்கூட வாசல மிதிக்காத மனுஷி, என் ஹாஸ்டல் பீஸுக்கு கறவ மாட்ட வித்து குடுத்துச்சு, அத யாரும் இப்ப பேசுறதில்ல. சக்கரை இருக்கு, நாலு மணி நேரம் உக்கார முடியுமான்னு அத்தனை பேரும் கேட்டாங்க. நடவுல நாள்பூரா குனிஞ்சு நின்ன இடுப்பு, சேர்ல உக்கார முடியாதான்னு அப்பாயி கேட்டுச்சு பாருங்க, அதோட பஞ்சாயத்து முடிஞ்சுது. அப்பா டிபிசில மூட்டை மேல போன சாத்தி வச்சு யூடியூப் லைவ்ல பாத்தாரு. லோடுமேன் அண்ணங்க எல்லாரும் சுத்தி உக்காந்து பாத்திருக்காங்க, என் பேரு வர்ற நேரத்துல நெட்டு சுத்திக்கிட்டே நின்னுடுச்சாம், அது திரும்பி வர்றப்ப எனக்கடுத்து ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயாச்சு. இன்னைக்கும் அத சொல்லி திட்டுறாரு, என்னைய இல்ல, சிம் கம்பெனிய.

அதனால தம்பி விழாவுக்கும் நான் சொல்றது அதான். மரியாதை, மொறை எல்லாம் வீட்டு விருந்துல பாத்துக்கலாம். பாஸ் யாருக்குன்னு தம்பிதான் முடிவு பண்ணனும், நம்ம யாரும் வாய தொறக்கக்கூடாது.

இப்ப தம்பிக்கு சில விஷயம். அப்ளிகேஷன் போடுறப்ப நேரா வர்றியா, வராமலே தபால்ல வாங்கிக்கிறியான்னு கேக்கும், நேரான்னு போடு, கடைசி தேதிக்குள்ள பணம் கட்டலன்னா அடுத்த விழாதான். பேர தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் குடுக்கணும். பத்தாவது மார்க்‌ஷீட்ல எப்பிடி இருக்கோ ஒரு எழுத்து மாறாம அப்பிடியே அடி, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, ழகரமா ளகரமா எல்லாத்தையும் பாரு. என்கூட படிச்ச ஒரு பொண்ணுக்கு அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா அச்சாகி அத திருத்த அலைஞ்சு அலைஞ்சு ஒரு வேலையே கை நழுவிப்போச்சு.

மொதநாள் ரிகர்சல் இருக்கும், அதுக்கு வரலன்னா மறுநாள் மேடை ஏத்த மாட்டேன்னு சொல்வாங்க, நெசமாவே ஏத்த மாட்டாங்க. எந்தப் பக்கம் ஏறணும், எங்க நின்னு வணங்கணும், எந்தக் கையால வாங்கணும், போட்டோவுக்கு எத்தன நொடி பாக்கணும், எல்லாம் அங்க சொல்லிக்குடுப்பாங்க. நம்ம ஊர்லேர்ந்து காலைல பஸ் புடிச்சு ரெண்டு நாளும் போயிட்டு வர்றது ஆகாத காரியம், முன்னாடி நாளே பக்கத்துல ரூம் போட்டுடு. கவுன் வாடகைக்கு குடுப்பாங்க, டெபாசிட் வாங்கிக்கிட்டு. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2019லயே பட்டமளிப்புக்கு கைத்தறி உடை போடுங்கன்னு பல்கலைக்கழகங்களுக்கு எழுதுச்சு, ஆனா கருப்பு கவுனு இன்னும் பல எடத்துல போகல. நம்ம வெயிலுக்கு அந்த சிந்தடிக் துணி ஒரு தண்டனைதான், உள்ள காட்டன் சட்டையா போடு.

அம்மாவுக்கு: திருபுவனம் பட்டு கட்டுங்க, தாராளமா, ஆனா ஹேண்ட்பேக் எடுக்காதீங்க, சின்ன பர்ஸ் போதும். போன உள்ள விடமாட்டாங்க, வெளில வச்சுட்டுப் போற எடத்துல ரசீது குடுப்பாங்க, அத முந்தானைல முடிஞ்சு வச்சுக்குங்க. ஆளுநர் வர்றதுக்கு ஒன்ற மணி நேரம் முன்னாடியே கதவ மூடிடுவாங்க, தேசிய கீதம் பாடி அவரு எறங்குற வரைக்கும் பாத்ரூமுக்குக்கூட எந்திரிக்க விடமாட்டாங்க. அதனால காப்பிய அன்னைக்கு ஒரு டம்ளரோட நிறுத்துங்க. மாத்திரைய பிரிஸ்கிரிப்ஷனோட கொண்டு போனா விடுறாங்க. பேரு படிக்கிறப்ப கைதட்டக்கூடாதுன்னு மைக்ல சொல்வாங்க, எல்லா அம்மாவும் தட்டுவாங்க, நீங்களும் தட்டுங்க.

கைக்குழந்தைக்கு அனுமதி கெடையாது. இது எனக்கு புடிக்காத விஷயம், வெளிப்படையாவே சொல்றேன். கல்யாணம் ஆகி புள்ள பெத்துக்கிட்டே தீசிஸ் எழுதுன பொண்ணுங்க எத்தன பேரு, அவங்க பட்டம் வாங்குறப்ப புருஷன் வெளில வேப்பமரத்தடில புள்ளைக்கு பால் பாட்டில் ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு, ஒரு பொம்பளைக்கு கூட வந்த மாமியாரும் புள்ளையோட வெளில, சீட்டு உள்ள காலி. ஒரு ரூம ஒதுக்கி டிவி வச்சா முடிஞ்சுபோற வேலை.

வேன்ல வரணும்னே ஆசப்படுறவங்க மத்தியானத்துக்கு மேல தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலுக்கு வந்துடுங்க, போட்டோ அங்க எடுத்துக்கலாம். கவுன சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும், அதனால கோயில்ல கவுனோட போட்டோ வேணும்னு யாரும் அடம் புடிக்காதீங்க, அந்த போட்டோ கேம்பஸ் வாசல்ல பத்து நிமிஷத்துல எடுத்தாத்தான் உண்டு. ஹால்ல மாட்டுற பெரிய பிரேமுக்கு ஸ்டுடியோக்காரரே கவுனும் தொப்பியும் சுருட்டுன பேப்பரும் வச்சிருக்காரு, பின்னாடி புத்தக அலமாரி படம் வேணுமா மாடிப்படி படம் வேணுமான்னு அவரே கேப்பாரு.

விருந்து அறுப்பு முடிஞ்சப்புறம், மாசி மாசத்துல, நம்ம வீட்ல. தேதி அம்மா சொல்லும்.

கடைசியா பெரியப்பாவுக்கு, நீங்க பஸ் ஸ்டாண்டு லேமினேஷன் கடைக்காரருகிட்ட ஏற்கெனவே பேசி வச்சிருக்கிறதா கேள்விப்பட்டேன். வேண்டாம். சிங்கப்பூரு துபாய்ன்னு நாளைக்கு தம்பி வேலைக்குப் போனா, சர்டிபிகேட் நெசம்தான்னு காட்டுற அட்டெஸ்டேஷன் சீல் அந்த சர்டிபிகேட் மேலயேதான் போடுவாங்க, லேமினேஷன் பண்ணிட்டா அத உரிக்கவும் முடியாது குத்தவும் முடியாது. ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்கிக் குடுங்க, அது போதும்.