தலைப்புப் பக்கத்தில் இல்லாத ஆசிரியர்கள்

ஜெர்மனியில் ஒரு பெரிய நூலகத்தின் அரிய நூல் பிரிவில் பட்டியலாக்கம் செய்வது என் வேலை. என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அச்சான இலத்தீன் நூல்கள். தலைப்புப் பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, பழைய உரிமையாளர் ஓரத்தில் கிறுக்கியவை, முத்திரைகள் எல்லாவற்றையும் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு பெயரையும் ஜெர்மானிய நூலகங்கள் பொதுவில் வைத்திருக்கும் பெயர்க் கோப்போடு இணைக்க வேண்டும்.

இந்த நூல்களில் ஒரு வரிசை என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. கப்பாலா எனப்படும் யூத மறைஞானத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் எழுதியவை அவை. ஒவ்வொன்றைப் பதியும்போதும் எனக்கு ஒரே கேள்விதான் எழுந்தது: இவர் இதை யாரிடம் பாடம் கேட்டார்?

கப்பாலாவின் பெருநூலான ஸோஹார் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் உருவானது. அதன் மொழி அரமேயம். வேத வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு யூதர்களின் சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூதையும் பழைய உரைகளையும் சொல்லாமல் சொல்லிச் செல்லும் நடை. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகப் புகுந்துவிடக்கூடிய நூல் அல்ல அது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித் தந்தே ஆக வேண்டும். அப்படி உட்கார்ந்தவரின் பெயர் தலைப்புப் பக்கத்தில் அநேகமாக இருக்காது.

இத்தாலியத் தத்துவவாதி பீகோ டெல்லா மிராண்டோலாவை எடுத்துக்கொள்வோம். 1486இல் ரோமில் 900 கருத்துரைகளை அச்சிட்டு, உலக அறிஞர்களை வாதுக்கு அழைத்தபோது அவருக்கு வயது 23. அவற்றில் 47 கப்பாலா அறிஞர்களின் கருத்தாகத் தரப்பட்டவை. அவை போக, கப்பாலாவைக் கொண்டு கிறிஸ்தவத்தை நிறுவும் தன் சொந்தக் கருத்துகளையும் தனி வரிசையாகச் சேர்த்தார். மறு ஆண்டு போப் எட்டாம் இன்னசென்ட் அந்நூலுக்குத் தடை விதித்தார். வரலாறு இதைப் பீகோவின் துணிச்சலாகவே சொல்கிறது. ஆனால் அவருக்காகக் கப்பாலா நூல்களைக் கட்டுக் கட்டாக இலத்தீனில் பெயர்த்துக் கொடுத்தவர் ஃபிளாவியஸ் மித்ரிடாட்டிஸ், சிசிலியில் யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். அந்தக் கையெழுத்துப் படிகள் பல இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளன. 20ஆம் நூற்றாண்டில் ஹாயிம் விர்சுப்ஸ்கி என்ற ஆய்வாளர் அவற்றை எபிரேய மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டார். மூலத்தில் இல்லாத, கிறிஸ்தவத்துக்கு இசைவான சொற்களை மொழிபெயர்ப்பாளர் ஆங்காங்கே நுழைத்திருப்பது அப்போது தெரிந்தது. யூத மறைநூலுக்குள் தானே கண்டதாகப் பீகோ நம்பியவற்றில் சில, அவருடைய ஆசிரியர் கொண்டுவந்து வைத்தவை.

வெளியிலிருந்து வருபவரின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். வாசலில் நிற்பவர் எதைக் காட்டுகிறாரோ அதுவே அவருக்குக் கிடைக்கிறது. அந்த வாசலில் நிற்பவரோ வறுமையாலும் அச்சத்தாலும் மதமாற்ற நெருக்கடியாலும் சூழப்பட்டவர். பாடத்தின் மேல் இந்த நெருக்கடியின் நிழல் விழாமல் இருக்குமா?

ஜெர்மானிய அறிஞர் யோஹன்னெஸ் ராய்க்லின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. பேரரசரின் மருத்துவராக இருந்த யாக்கோப் லோவான்ஸ் என்ற யூதரிடமும், பிறகு ரோமில் ஒபதியா ஸ்ஃபோர்னோவிடமும் எபிரேயம் கற்றார். லோவான்ஸை ஆசான் என்றே அன்போடு எழுதியிருக்கிறார். 1506இல் வந்த அவருடைய எபிரேய இலக்கண நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. ஆனாலும் எபிரேய நூலைப் போல வலப்பக்கத்திலிருந்துதான் திறக்க வேண்டும். அதைக் கையில் எடுக்கும் இலத்தீன் வாசகர் யூதரின் வழக்கப்படிதான் பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். யூதர்களின் நூல்களைப் பறித்து அழிக்க வேண்டும் என்று, யூத மதத்திலிருந்து கிறிஸ்தவரான ஃபெஃபர்கோர்ன் கிளம்பியபோது, 1510இல் கருத்துக் கேட்கப்பட்ட அறிஞர்களுள் அதை உறுதியாக எதிர்த்து எழுதியவர் ராய்க்லின். அதனால் பல்லாண்டு வழக்கில் அலைந்தார். 1517இல் அச்சான அவருடைய கப்பாலா நூல் மூவர் உரையாடல். கற்பிப்பவர் சீமோன் என்ற யூதர். மற்ற இருவரும், ஒரு கிரேக்கத் தத்துவவாதியும் ஒரு முஸ்லிமும், கேட்பவர்கள். நடுவில் யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள் வந்துவிடுகிறது. சீமோன் பாடத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த நூலின் நோக்கம் கிறிஸ்தவத்துக்கு வலுச் சேர்ப்பதுதான், அதில் ஐயமில்லை. இருந்தாலும் ஆசிரியரின் இருக்கையை யூதருக்குக் கொடுத்து, அவருடைய நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டு நடந்த நூல் அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

இவர்கள் எல்லாரையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் எலியா லெவிட்டா. ஜெர்மனியில் பிறந்து இத்தாலிக்குப் போன எபிரேய இலக்கண அறிஞர். ரோமில் எகிடியோ டா விட்டெர்போ என்ற துறவி, பின்னாளில் கர்தினால் ஆனவர், குடும்பத்தோடு அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தார் லெவிட்டா. எபிரேயம் சொல்லிக் கொடுத்தார், கப்பாலா நூல்களைப் படியெடுத்துக் கொடுத்தார், பதிலுக்கு அவரிடம் கிரேக்கம் படித்தார். 1527இல் படையினர் ரோமைச் சூறையாடியபோது வீடும் உடைமைகளும் போயின.

போதாததற்குச் சொந்த மக்களின் கண்டனமும் வந்தது. வேதத்தைப் புறமதத்தாருக்குக் கற்பிக்கலாகாது என்று தல்மூதில் ஒரு கூற்று உண்டு. யூதர்களுக்கு உள்ளேயே இந்த ஞானத்துக்கு வேலி உண்டு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தேர்க் காட்சியை, தானே உணரும் அறிவுள்ளவனுக்கு அன்றி ஒருவனுக்குக்கூட விரித்துரைக்கக் கூடாது என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு. வீட்டுப் பிள்ளைகளுக்கே எளிதில் தராததை ஒரு கர்தினாலுக்குத் தருவதா என்று கேட்டவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. 1553இல் அதே ரோமில் தல்மூத் எரிக்கப்பட்டதை நினைத்தால் அவர்களுடைய பயம் வீண் பயமாகத் தெரியவில்லை. லெவிட்டாவும் வாயடைத்துப் போகவில்லை. 1538இல் வெனிஸில் அச்சான நூலின் முன்னுரையில் பதில் எழுதினார். தன்னிடம் படித்தவர்கள் நல்லவர்கள், யூதர்களுக்கு நன்மை செய்தவர்கள் என்பது அவருடைய வாதம். அவர் இறந்தபின் நடந்தது வேதனையானது. பேரன் விட்டோரியோ எலியானோ கிறிஸ்தவராகி, கிரெமோனா நகரில் ஸோஹார் அச்சானபோது அந்தப் பணியில் பங்கெடுத்தார். அதே ஊரில் 1559இல் தல்மூத் நூல்கள் தீக்கிரையாயின. தங்கள் மதத்துக்குச் சான்று கிடைக்கும் என்று கிறிஸ்தவர்கள் நம்பிய நூல் அச்சேறியது. அப்படி அவர்கள் நம்பாத நூல் எரிந்தது.

எபிரேய எழுத்துகளை நான் பெயர்த்து எழுதுவதைச் சரிபார்ப்பவர் எங்கள் பிரிவின் மூத்த நூலகர் ஒருவர், யூதர், நோன்பும் ஓய்வுநாளும் தவறாதவர். சைவக் குடும்பத்தில் பிறந்த நான் இவற்றைப் படிப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"படியுங்கள். ஆனால் அந்தப் பத்து வட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஜெபாலயத்துக்கு வந்து பாருங்கள்" என்றார்.

பத்து வட்டங்கள் என்று அவர் சொன்னது செஃபிரோத் மரத்தை. இறைவனின் பத்து வெளிப்பாடுகளைக் கிளைகளாகக் காட்டும் படம். மேற்கில் அது பரவியதில் 1516இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சான ஓர் இலத்தீன் மொழிபெயர்ப்பின் மரச்செதுக்குப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. யூதர் ஒருவர் உட்கார்ந்து அந்த மரத்தைக் கையில் பிடித்திருப்பார். வெளியார் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அது வேர்விட்டிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டார்கள். கப்பாலா அறிஞருக்கு ஓய்வுநாள் விளக்கேற்றுவதும் ஏழைக்குக் கொடுப்பதும் மேலுலகத்தைத் தொடும் செயல்கள். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் சாலமோன் அல்கபெத்ஸ் எழுதிய பாடலை இன்றும் உலகெங்கும் வெள்ளி மாலையில் பாடி, ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கிறார்கள். அந்த அழைப்பை ஏற்றுப் போனேன். பாட்டின் கடைசி அடியில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பித் தலைவணங்கினார்கள். நான் பதிந்த எந்த இலத்தீன் நூலிலும் இதைப் பற்றிப் படித்த நினைவில்லை.

17ஆம் நூற்றாண்டில் சுல்ஸ்பாக் அரசவையில் இருந்த க்னோர் ஃபோன் ரோசன்ரோத் ஸோஹாரின் சில பகுதிகளை இலத்தீனில் பெயர்த்து, 1677 முதல் 1684 வரை வெளியிட்டார். அதிலிருந்து 1887இல் லண்டனில் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மந்திர ஆய்வில் இறங்கிய சங்கத்தார் அதை வைத்துக்கொண்டு கப்பாலா பேசினார்கள். இன்று கடைகளில் விற்கும் பல கப்பாலாக்கள் இந்தக் கிளையிலிருந்து வந்தவை. அரமேயத்திலிருந்து நேராகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு 2004 முதல் 2017 வரை 12 தொகுதிகளாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில ஸோஹார் இருக்கிறது. டேனியல் மாட் தொடங்கிய அந்தப் பதிப்பின் அடிக்குறிப்புகளே ஓர் ஆசிரியரைப் போல வழிகாட்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது நம் ஊர் நினைவும் வந்தது. 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப்பை நமக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த இராமானுசக் கவிராயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் பட்டியல் விதிகளில் ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தவர், படியெடுத்தவர், பங்களித்தவர் பெயர்களையும் அவரவர் பணியைக் குறித்து இணைக்க இடம் உண்டு. சான்று இருந்தால் போதும். சான்றைத் தேடி எடுக்க நேரமாகும். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள என் மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். இப்போது எங்கள் தேடுபெட்டியில் மித்ரிடாட்டிஸ் என்று இட்டால் பீகோவின் நூல்களும் வருகின்றன. லோவான்ஸ் என்று இட்டால் ராய்க்லினின் இலக்கணம் வருகிறது. அடுத்து எகிடியோவின் பதிவுகளை எடுத்திருக்கிறேன். அவற்றில் லெவிட்டாவின் பெயர் ஏற வேண்டும்.