இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒரு மொட்டை

பஸ் நின்றதுமே நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ரூம் வேணுமா, மெழுகுதிரி செட்டு, தென்னங்கன்று, மொட்டைக்கு ஆள். முதல் சனிக்கிழமை வேறு, வேளாங்கண்ணி பிதுங்கியது. மொட்டைக்காரர் என்னைப் பார்த்து, "பெரிய தலை, கூட நூறு ரூபா ஆகும்" என்றார். ஐந்து வயதில் போட வேண்டிய மொட்டையை 27 வயதில் போட்டால் பேச்சு வாங்கத்தான் வேண்டும்.

அது அம்மாவின் வேண்டுதல். தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செலுத்துவதாக முடிவானது. தாய்மாமா முன்னாடியே திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிவிட்டார். எனக்குக் காய்ச்சல் என்று நாங்கள் தங்கிவிட்டோம். 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைக்குப் போன மாமா திரும்பவில்லை.

"கடனைச் செலுத்தாதவ நானு. ஆண்டவர் கோபம் என் தம்பி மேல விழுந்துருச்சு." இதை அம்மா சொல்லாத வருஷம் இல்லை. மாதா தன் மகன் இயேசுவுடைய கையைப் பிடித்துத் தடுக்கிறாள், அவளும் எத்தனை நாள்தான் தடுப்பாள் என்பார். அன்றைக்குச் சுனாமித் தண்ணீர் கோவிலுக்குள் வரவில்லை என்று ஊரே அற்புதமாகப் பேசியது. அம்மாவுக்கு மட்டும் அது ஆறுதலாகவே இல்லை. அப்போ வெளியே நின்றவர்கள்?

இந்த வருஷம் அவராகவே "போவோம்டா" என்றார்.

மொட்டை முடிந்து அம்மா பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனார். வரிசை நீளம். முன்னால் நின்ற குடும்பம் மெழுகுதிரி விற்கிறவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போன அம்மா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் வீங்கியிருந்தது. சாமியார் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார். சிலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் என்ன மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னாராம். பைபிளில் லூக்கா 13-ல் இருக்கிறது. எத்தனை தடவை பூசையில் கேட்டிருப்போம்!

"அப்ப ஆண்டவருக்குக் கோபமே வராதா சாமின்னு கேட்டேன். வரும்மா, கோவில்ல புறா வித்தவங்க மேல வந்துச்சேன்னாரு. புறாதான் ஏழைங்களோட காணிக்கையாம். அதுல போய்க் கொள்ளை அடிச்சா வராதாங்குறாரு." சொல்லிவிட்டு மெழுகுதிரிக்காரன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அப்புறம் கோவிலிலிருந்து மாதா குளம்வரை முழங்காலில் போவேன் என்று நின்றார். 61 வயது, இரண்டு முட்டியிலும் வலி. நான் தடுத்தும் கேட்கவில்லை. வெயிலில் மணல் கொதித்தது. பாதி வழியில் அம்மா அப்படியே குனிந்து இரண்டு உள்ளங்கையையும் மணலில் ஊன்றிக்கொண்டார். சேலை விலகிய இடத்தில் முட்டித் தோல் உரிந்து, மணல் ஒட்டி, ரத்தம் கோடாக இறங்கியது. பக்கத்தில் முழங்காலில் வந்த ஒரு பெண், யாரோ எவரோ, தன் சொம்புத் தண்ணீரை அம்மாவுக்கு முன்னால் மணலில் ஊற்றிக்கொண்டே வந்தார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. ஈர மணலில் அம்மா நகர்ந்தார். வாயில் மாதாவை வேண்டும் கிருபை தயாபத்து மந்திரம். வழக்கமாக நடுவில் வரும் மன்னிப்புக் கேட்கும் அழுகை இல்லை.

மாதாவே, உமக்கு நன்றி. அந்தச் சொம்புக்கும் நன்றி. அந்த அக்காவின் பேரைக்கூடக் கேட்காமல் விட்டேனே, அவருடைய வேண்டுதலையும் நீரே பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலம் சுனாமி நினைவிடத்தில் மாமாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினோம். ராத்திரி பஸ்ஸில் முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்.

"அந்தப் பதினெட்டுப் பேரோட பேரு பைபிள்ல இருக்காடா?"

"இல்லம்மா."

"அவங்களுக்கும் சேர்த்து ஏத்தியிருக்கலாம். மொத்தமா வாங்குனா அவனும் வெலையக் கொறச்சிருப்பான்."