கொசஸ்தலை ஆற்றோடு மேலே போன நாள்

பிப்ரவரி 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை, கற்கால மனிதர்களின் தடம் இருக்கிற குடியம் குகை, அத்திரம்பாக்கம், நடுவில் பூண்டி ஏரி என்று ஒருநாள் பயணம். தொல்லியல் படித்த தம்பி ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். திருவொற்றியூர் தேரடியில் விடியற்காலை வேன்.

பெரியப்பாவையும் கூப்பிட்டேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் முட்டிபோட்டுக் கையால் தடவி இறால் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். "கல்லப் பாக்கவா அவ்ளோ தூரம்?" என்றார். "நம்ம ஆறு ஓடிவர்ற வழி பெரியப்பா" என்றேன். உடனே பெரியம்மாவிடம் வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஷூ போட வேண்டும், நிறையத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், எந்தக் கல்லையும் எடுத்து வரக் கூடாது என்று வழிகாட்டி செய்தி அனுப்பியிருக்கிறார். சென்ட் அடிக்கவே கூடாதாம். குகையில் மலைத்தேனீ இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு, இரவு

கால் கெஞ்சுகிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மணலி, செங்குன்றம், தாமரைப்பாக்கம் கூட்ரோடு வழியாகப் போனோம். செங்குன்றம் தாண்டிய பிறகுதான் பெரியப்பா ஜன்னலைத் திறந்தார். எங்கள் பக்கம் ஜன்னலைச் சாத்தியே வைத்துப் பழக்கம்.

முதலில் குடியம். ஊரிலிருந்து முள்ளுக்காட்டுக்குள் நல்ல நடை. பாதை முழுக்க உருண்டைக் கற்கள், எல்லாம் ஆற்றில் உருண்டு வழவழவென்று ஆனவை. சுற்றிலும் ஆற்றைக் காணோம். அப்போது வழிகாட்டி எங்களை ஒரு பாறைச் சரிவில் நிறுத்தினார். அல்லிக்குழி மலையே இப்படித்தானாம்: கடலை உருண்டையை உடைத்துப் பார்த்தது போல, சிவந்த மண்ணுக்குள் கூழாங்கற்கள் நெருக்கியடித்துப் பதிந்திருக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், பத்துக் கோடி வருஷங்களுக்கும் முன்னால், பழைய மலைகள் உடைந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் குவிந்த கற்கள் இவை. அந்தக் குவியலே இறுகிப் பாறையாகி, மலையாக நிற்கிறது. அதன் இளகிய பகுதியை மழையும் காற்றும் அரித்ததில் உண்டான குடைவுகளைத்தான் குகை என்கிறோம்.

பெரிய குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் ஆற்றுப்படுகை. முட்டை அளவில், தேங்காய் அளவில் கற்கள் தொங்குகின்றன. ஒன்று விழுந்த இடத்தில் அதன் அச்சு மட்டும் குழியாக இருந்தது. குழிக்குள் விரல் வைத்தேன், உள்ளே சில்லென்று வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் தேன் அடைகள் கறுப்பாகத் தொங்கின. யாரும் சத்தம் போடவில்லை. ஊர்க்காரர்கள் குகையில் அம்மனை வைத்துக் கும்பிடுகிறார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அந்தக் கற்கள் பெரும்பாலும் குவார்ட்சைட். கெட்டியான கல். தட்டினால் கண்டபடி நொறுங்காமல், விளிம்பு கூராகச் சில்லு பெயரும். இங்கே அது காலடியில் கிடந்தது, பக்கத்திலேயே தண்ணீரும் இருந்தது. ஆதிமனிதர்கள் திரும்பத் திரும்ப இங்கே வந்ததற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

மதியச் சாப்பாடு பூண்டியில். 1944இல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம். சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் எண்ணூருக்கும் மணலி புதுநகருக்கும் எச்சரிக்கை விடுவார்கள். டிவியில் கேட்டுக்கேட்டுப் பழகிய பெயர் இது. பெரியப்பா கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "தண்ணி இந்தக் கலர்லதான் கெளம்புதா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த சேற்றையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்த வாரங்களையும் பார்த்த மனிதர் அவர்.

அரசுத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் (அருங்காட்சியகம்) கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அத்திரம்பாக்கம் போனோம். பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். புதர், ஓடை அரித்த பள்ளம், சிவப்பு மண். 1863 செப்டம்பரில் நிலவியல் ஆய்வாளர்களான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கேதான் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அகழ்ந்தார்கள். அடியில் இருந்த களிமண் அடுக்குகளில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சராசரியாகச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் உலகில் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆக, இங்கே உட்கார்ந்து கல் செதுக்கியவர்கள் நமக்கும் முந்திய மனிதர்கள்.

வழிகாட்டி தரையில் கிடந்த ஒரு கருவியைத் தொடாமல் குச்சியால் காட்டினார். உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர், இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த பள்ளங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூழாங்கல்லின் பழைய தோல் வழவழப்பாக மிச்சமிருந்தது. கையில் உறுத்தாமல் இருக்க அந்த இடத்தை விட்டுவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. குடியத்துக் கூரையில் தொங்குகிற அதே மாதிரிக் கல்.

பிப்ரவரி 9, திங்கள்

15 லட்சம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நேற்று வேனில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், தரைமேல் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கப் பொருள்களையும் துளித்துளியாக உண்டாக்கும். கல் ஆழப் புதைந்ததும் அது நின்றுவிடும். அப்புறம் இருப்பது தானாகச் சிதைந்து குறைய வேண்டியதுதான். முதலாவது சுமார் 7 லட்சம் வருஷத்தில் பாதியாகும், இரண்டாவதுக்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகும். இரண்டும் இப்போது என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போடலாம். மண்ணில் பதிந்திருக்கும் பூமியின் பழைய காந்தத் திசையையும் ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 14, சனி

எழும்பூர் அருங்காட்சியகம் போனேன். ஃபூட் தன் சேகரிப்பை 1904இல் இவர்களிடம்தான் கொடுத்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியில் அவர் எடுத்த கல்தான் இந்தியாவின் கற்காலத்தையே உலகத்துக்குச் சொன்னது. பல்லாவரம் பெயர் பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் அத்திரம்பாக்கத்து ஆறு எங்கே போய்க் கடலில் சேர்கிறது என்று எந்தப் புத்தகமும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. வடசென்னை என்றால் துறைமுகம், ஆலை, புகை என்று நிறுத்திவிடுகிறார்கள். 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் பழைய கைக்கோடரி முறை போய், கல்லை முதலில் பக்குவம் செய்துகொண்டு வேண்டிய வடிவில் சில்லு பெயர்க்கும் புது முறை வந்துவிட்டது. இதுவும் எங்கள் ஊர்ச் சரித்திரம்தான்.

வழிகாட்டித் தம்பியிடம் மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். பரீட்சை நெருங்குவதால் எட்டாவதும் அதற்குக் கீழும் படிக்கும் தெருப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போகலாம் என்று ஏற்பாடு. வேன் வாடகையில் பாதியைப் பெரியப்பா தருகிறேன் என்றிருக்கிறார். பிள்ளைகளுக்கு முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.