‘தமிழ்’ ஐந்து எழுத்தா?

பிப்ரவரி 9
பைதான் நிரல்மொழி சொல்லித்தரும் நான்காவது வீடியோ முடிந்தது. வீடியோவில் பாடம் நடத்துபவர் தட்டத் தட்ட நானும் தட்டினேன், எல்லாம் ஓடியது. வீடியோவை மூடிவிட்டுப் புதுக் கோப்பைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்பின் முதல் சொல்லான ‘ஃபார்’ என்று தட்டிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 10
இரவு முழுக்க அப்பாவுக்கு இருமல். படிக்கவில்லை.

பிப்ரவரி 12
இனிமேல் இப்படித்தான்: பத்து நிமிடம் பார்ப்பது, நிறுத்துவது, வீடியோவை மறைத்துவிட்டு நானே எழுதுவது. ஒரு மணி நேரத்தில் பதினொரு வரிதான் வந்தது. ஆனால் அந்தப் பதினொன்றும் ஏன் அங்கே இருக்கின்றன என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

பாடத்தில் வரும் உதாரணச் சொற்களை எடுத்துவிட்டு, அப்பாவின் சொல் நோட்டில் இருப்பவற்றைப் போட்டேன். ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று, நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேட்டால் 5 என்கிறது. மூன்றுதானே?

பிப்ரவரி 13
5.

பிப்ரவரி 14
புரிந்துவிட்டது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண், பைதான் எண்ணுவது அந்தக் குறியெண்களை. ஆங்கிலச் சொல்லை வைத்து நடத்தும் பாடத்தில் இது கண்ணில் படவே படாது, அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு எண்.

சொல்லைத் திருப்பிப் போடும் பயிற்சியையும் செய்து பார்த்தேன். முதலில் புள்ளி வந்தது. ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் ஒரு வெற்று வட்டத்தின் மேல் தனியாக நின்றது. அப்புறம் ழி, ம, த. மகரத்தின் இகரத்தை ழகரம் எடுத்துக்கொண்டுவிட்டது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்பாவிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 17
நோட்டிலிருந்து இதுவரை தட்டிய சொற்களை எல்லாம் வரிசைப்படுத்தி அப்பாவிடம் காட்டினேன். சார்ட்டட் என்று ஒரே சொல், முழுப் பட்டியலும் அடுக்கி வந்துவிட்டது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்து மெதுவாக இறங்கினார். பனை, பம்பரம், பள்ளம், பழமை. பனையில் விரல் நின்றது.

“ஏம்மா, பனை எப்படி முதல்ல வந்துச்சு? னகரம் கடைசி எழுத்தில்லையா?”

அப்புறம் பள்ளத்துக்கும் பழமைக்கும் நடுவே விரலைத் தட்டினார். “ழ முன்னாடி. ள அப்புறம்.” அதற்குள் மூச்சு வாங்கியது. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 18
அவர் சாயங்காலம் வரை தூங்கினார். யரலவழள றன என்று தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

பிப்ரவரி 19
காரணம் கிடைத்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய எழுத்துகளுக்கான 1988-ன் இஸ்கி குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றி அமைந்தது. அதில் இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரைபடம். அதனால் ந-வுக்கு அடுத்த கட்டத்தில் ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பின்னால் ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கும் பின்னால். ஆகவே ‘கலம்’ முன்னால் வந்து ‘கல்’ பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை, நம் அகரவரிசையை அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும். நான் சொல்லித்தருவேன்.

பிப்ரவரி 21
எல்லாம் போச்சு. கோடின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில், இணையத்தில் ஏதோ ஒரு பதிலில் பார்த்த ‘கிட் ரீசெட் ஹார்ட்’ கட்டளையை அப்படியே தட்டினேன். இரண்டு நாள் வேலை. அழுகை வந்தது. அப்பா என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 22
கிட் ரீஃப்ளாக்! கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் பட்டியல் அது. கமிட் செய்தது, அதாவது கிட்டில் பதிந்துவைத்தது, அத்தனையும் அங்கே இருந்தது. கமிட் செய்யாமல் விட்ட கடைசி ஒரு மணி நேரம் மட்டும் திரும்பவில்லை, திரும்பவும் செய்யாது. இனி ஒரு ஃபங்ஷன் ஓடினால் ஒரு கமிட்.

பிப்ரவரி 25
இதற்கு எந்த வீடியோவும் இல்லை. நானே எழுதினேன்.

சொல்லை ஒவ்வொரு குறியெண்ணாகப் பார்க்க வேண்டும். மெய்யோ உயிரோ வந்தால் புது எழுத்து. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தின எழுத்தோடு ஒட்டு. இப்படிப் பிரித்ததும் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு எண்: நம் வரிசையில் மெய்யின் இடம், உயிரின் இடம். புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2. எதை வைத்து அடுக்குவது என்று சொல்லும் கீ-யாக இந்த ஜோடிகளைச் சார்ட்டட்டுக்குக் கொடுத்தேன். மொத்தம் இருபத்து நான்கு வரி.

பம்பரம், பழமை, பள்ளம், பனை.

ராத்திரி இரண்டு மணி. அதே லூப்பில் ‘தமிழ்’ போட்டு எத்தனை துண்டு என்று எண்ணச் சொன்னேன். 3.

பிப்ரவரி 26
அப்பா பார்த்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

பிப்ரவரி 28
பட்டியலில் ‘கொடி’ இரண்டு முறை வருகிறது. கண்ணுக்கு ஒன்றேதான், சமமா என்று கேட்டால் ஃபால்ஸ் என்கிறது. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியெண், இன்னொன்றில் எகரக் குறியும் காலும் தனித்தனி. பைதானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றியதும் ஒன்றாகிவிட்டன.

மார்ச் 2
214 சொற்கள். நோட்டில் அடுத்த பக்கம் பென்சில், மங்கிவிட்டது. ஒரு சொல்லில் இருப்பது ழ-வா ள-வா என்று தெரியவில்லை. அப்பா விழித்ததும் கேட்க வேண்டும்.

மார்ச் 3
இன்றும் கேட்கவில்லை.