வேலூரில் ஜப்பானியப் பாடம்: ஒரு கோடை நாட்குறிப்பு

மே 19, 2025

இளங்கலை ஜப்பானிய மொழிப் படிப்பின் முதலாண்டை முடித்துவிட்டு தில்லியிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஜூலை 6 அன்று சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் நான்காம் நிலையை எழுதவிருப்பதால், விடுமுறையின் பெரும்பகுதி அதற்கே போகும். ஐந்தாம் நிலையில் தொடங்கி முதல் நிலைவரை ஏறிச் செல்லும் அந்தத் தேர்வில் சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றை மட்டுமே சோதிக்கிறார்கள். பேச்சுத் தேர்வும் கட்டுரை எழுதுவதும் கிடையாது. பட்டப்படிப்பு அப்படியல்ல. அன்றாடம் வகுப்பில் பேசியாக வேண்டும், கையால் எழுதியாக வேண்டும், அவற்றோடு ஆசிய வரலாறும் பண்பாடும் சேர்ந்தே வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வரையறுத்துள்ள கான்ஜி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், மட்டுமே 2136. அவற்றில் சிறு பங்கைத்தான் இதுவரை கடந்திருக்கிறேன்.

மே 23, 2025

இன்று முதல் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஜப்பானிய வாக்கியத்தையும் வலப்பக்கத்தில் தமிழையும் எழுதுகிறேன், ஆங்கிலத்துக்கு இடமில்லை. வகுப்பில் பாடம் ஆங்கிலத்தின் வழியாகவும் இந்தியின் வழியாகவும் நடக்கிறது. பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் ஆங்கிலம் பேசுபவருக்கு எது கடினமோ அதுவே எல்லோருக்கும் கடினம் என்று அந்நூல்கள் முடிவுகட்டிவிடுகின்றன. ‘நேற்று வேலூரில் வாங்கிய புத்தகம்’ என்பதை ஜப்பானியத்தில் ‘கினோ வேலூரு தெ கத்தா ஹொன்’ என்று சொல்ல வேண்டும். நேற்று, வேலூர், இல், வாங்கிய, புத்தகம்: வரிசை அப்படியே நம்முடையது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து அமர்கிறது. இதை விளக்கப் பாடநூலுக்கு இரண்டு பக்கமும் அம்புக்குறிப் படங்களும் தேவைப்படுகின்றன. தமிழ் மாணவருக்கு ஒரு வரி போதும்.

துணைவினைகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி பொங்கியது. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. ‘வசுரெதெ ஷிமவ்’ என்றால் மறந்துவிடு. ‘மொத்தெ குரு’ என்றால் கொண்டு வா. வினையெச்சத்தோடு பார், வை, விடு, வா ஆகியவற்றைச் சேர்த்துப் புதிய பொருளை உண்டாக்கும் வழக்கம் இரு மொழிகளிலும் ஒன்றாகவே இயங்குகிறது. ‘மிரு’ சேர்ந்தால் ‘முயற்சி செய்’ என்று ஆங்கில விளக்கத்தில் சூத்திரமாக மனப்பாடம் செய்தது, தமிழில் வைத்துப் பார்த்ததும் என் வீட்டுச் சமையலறையில் தினமும் கேட்கும் பேச்சாகிவிட்டது.

மே 24, 2025

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு போட்டாக வேண்டும். இந்த ஒற்றுமையைக் கண்டு தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடக் கூடாது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அவ்விரண்டுக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் வினை கடைசியில்தான் வருகிறது. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது வேறு, பிறப்பு ஒன்றாக இருப்பது வேறு. நம்மூரில் இந்தச் செய்தி பெருமைப் பேச்சாகச் சுற்றுவதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது, ஏனெனில் கற்பதற்கான நல்ல கருவி ஒன்று அப்பேச்சில் வீணாகிறது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. எழுவாயைச் சுட்டும் ‘கா’, பேசுபொருளைச் சுட்டும் ‘வா’ என்ற வேறுபாட்டுக்கு நேரான உருபு நம்மிடம் இல்லை. வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்று வினையே ஆளைக் காட்டும் நமக்கு, ஆளைக் காட்டாத ஜப்பானிய வினை முதலில் வெறுமையாகத் தோன்றுகிறது. பிறரை உயர்த்திப் பேசுவது நமக்குப் பழக்கம். தன் செயலைத் தாழ்த்திச் சொல்வதற்கெனத் தனி வினைகளையே ஜப்பானியம் வைத்திருக்கிறது. இவற்றுக்குப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

ஜூன் 1, 2025

குடியாத்தத்திலிருந்து சித்தப்பாவும் அவர் மகளும் வந்திருந்தார்கள். அவள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. என் குறிப்பேட்டைப் புரட்டியவள், ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவின் அட்டவணையைப் பார்த்து, “அக்கா, இது நம்ம வரிசை மாதிரியே இருக்கே” என்றாள். அவளாகவே கண்டுபிடித்தாள் என்பதில் எனக்கு அத்தனை பெருமிதம். அ வரிசைக்குப் பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று அது போகிறது. ஹ மட்டும் இடறுகிறது. ஆனால் பழைய ஜப்பானியத்தில் அது ப என்றே ஒலித்தது. அதைப் போட்டுப் படித்தால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று நம் பள்ளிச் சுவரில் தொங்கும் வரிசையின் ஒழுங்கே கிடைக்கிறது. பௌத்தத் துறவிகள் மந்திரங்களுக்காகக் கற்ற சித்தம் என்ற இந்திய எழுத்துமுறை சீனம் வழியாக ஜப்பானை அடைந்தபோது, ஒலிகளை அடுக்கும் முறையும் உடன் சென்றது. நாரா நகரின் பெரிய புத்தர் சிலைக்கு 752இல் கண் திறப்புச் சடங்கை நடத்தியவரே இந்தியத் துறவியான போதிசேனர்தான். இவையெல்லாம் எங்கள் முதலாண்டுத் தாளில் வந்தன. அவள் கேட்டதால்தான் எனக்கு அவை உயிரோடு திரும்பின.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றுக்குத் தேவை என்றேன். ஆனால் வேலை வாங்கித் தரும் அளவுக்கு மொழி வருவதற்குப் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளும் இடைவிடாமல் உழைக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது அவருக்குப் புதிய செய்தி. “அப்படியா? இதை யாருமே சொல்லலையேம்மா” என்றார்.

ஜூன் 7, 2025

மாலையில் கோட்டைக்குப் போனேன். ஆசியப் பண்பாடு என்றால் கடல் கடந்து தேட வேண்டியது என்ற எண்ணம் எங்கள் வகுப்பில் பலருக்கு உண்டு. ஆனால் அது எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816இல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. நாயக்கர் வழியில் வந்து, பௌத்தத்தைப் புரந்த சிங்கள அரசை ஆண்டவர் அவர். அவர் பதவியைப் பறித்த 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டார்கள். ஆற்காட்டு நவாபுகளின் அரசவையில் பாரசீகம் ஆட்சிமொழி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பலருக்கு இன்றும் உருது வீட்டுமொழி. இவற்றைப் படிக்க ஒரு தாளாவது வேலூர்க் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களுக்கு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜூன் 12, 2025

ஆசிரியை அனுப்பிய கட்டுரைப் படி மின்னஞ்சலில் வந்தது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா எழுதியது. பதினாறாம் நூற்றாண்டில் வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களில் நாயக்கர் ஆட்சி எப்படி நடந்தது என்பதே பொருள். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டுத் தமிழ் கற்றவர், பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர், 1995இல் தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அதை நடத்தும் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர், 2015இல் மறைந்தார்.

என்னை ஈர்த்தது அவருடைய முறை. ஒரு கல்வெட்டின் ஒரு வரியை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குத் தாவாமல், ஒரு வட்டாரத்தின் கல்வெட்டுகள் அனைத்தையும் திரட்டி, யார் நிலம் கொடுத்தார், யார் வரியை விட்டுக்கொடுத்தார், எந்தப் பட்டம் எங்கே எத்தனை முறை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ‘நாயக்கத்தனம்’ என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் நிலப்பகுதிகளை அப்படித் தொகுத்த பிறகே, நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் வெறும் அதிகாரிகள் அல்லர், தம் பகுதியில் வேரூன்றிய தலைவர்கள் என்ற வாதத்தை முன்வைக்கிறார். என் ஊரைச் சுற்றியுள்ள கோயில் சுவர்களை ஒரு ஜப்பானியர் தமிழ் கற்று வந்து வரிவரியாகப் படித்திருக்கிறார். அதே பொறுமையோடு அவர் மொழியை நான் கற்க வேண்டும்.

ஜூன் 16, 2025

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு, தமிழ்க் கல்வெட்டுகளை ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் படித்த முறை என்ற தலைப்பைக் கேட்டிருந்தேன். ஆசிரியை சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: மூலங்களில் ஒன்றாவது ஜப்பானியத்தில் இருக்க வேண்டும், அதை நானே படித்துச் சுருக்கம் எழுத வேண்டும். நான்காம் நிலைக்கு அது பெரிய சுமைதான். கராஷிமா ஜப்பானியத்தில் எழுதியவற்றிலிருந்து சில பக்கங்களைத் தேர்ந்து அனுப்புவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் தரலாமா என்று கேட்டேன். தாராளமாகச் செய், இரண்டையும் இணைத்தே அனுப்பு என்றார். தேர்வு முடிந்ததும் தொடங்குகிறேன்.