அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், பிள்ளைகள், உத்தியோகம், கடைசி நோய் என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அப்பாவுக்கு வாசித்ததில் பட்டாளத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவர். ஆனால் வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியதெல்லாம் குளிரையும், தன் பங்கு ரம்மைத் தொட்டதே இல்லை என்பதையும்தான். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குள் முழுசாக எழுதித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடக்கத்தன்று கொடி விஷயத்தில் ஒரு சின்னப் பிரச்சினை. பெட்டிமேல் போர்த்த மாமா மூவர்ணக் கொடி வாங்கி வந்துவிட்டார். வந்திருந்த முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர் தடுத்தார். அரசு மரியாதையோடோ ராணுவ, துணை ராணுவ மரியாதையோடோ நடக்கும் அடக்கத்தில் மட்டுமே கொடி போர்த்தலாம், அப்போதும் அதைக் குழிக்குள் இறக்கக் கூடாது, 2002ஆம் ஆண்டு கொடி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன என்றார். பென்ஷனில் வந்து வீட்டில் இறந்தவருக்கு அந்த மரியாதை தானாக வந்துவிடாது. மாமாவுக்கு வருத்தம்தான். சங்கத்தார் மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது போதும் என்று பட்டது.

அப்புறம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம். படைவீரர்களின் பென்ஷன் இப்போது பெரும்பாலும் ஸ்பார்ஷ் என்ற இணையதளத்துக்குள் வந்துவிட்டது. இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு, அம்மாவின் ஆதார், பான், வங்கிப் புத்தகம் இவற்றை வைத்து இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் பொது சேவை மையத்திலேயே செய்துகொள்ளலாம். இறந்த நாள் வரை அவருடைய பென்ஷன், மறுநாளிலிருந்து மனைவிக்கு. அப்பா எழுபதைத் தாண்டியிருந்ததால் அம்மாவுக்குக் கூடுதல் விகிதம் கிடையாது, சாதாரண விகிதம்தான், அதாவது கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். அதோடு அகவிலைப்படி.

இதெல்லாம் சுலபம். இழுத்தடித்தது அம்மாவின் பெயர். ராணுவப் பதிவில் இருந்தது ஊரில் எல்லோரும் கூப்பிடும் வீட்டுப் பெயர். ஆதாரில் இருப்பது ஞானஸ்நானப் பெயர். கல்யாணத்துக்கு லீவில் வந்த அப்பா, யூனிட்டுக்குத் திரும்பிப் போய் வாயில் வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார், கிளார்க் அதை எழுதிவிட்டார். ஆட்களைக் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொன்னார்கள்: இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், கூடவே சபையின் திருமணப் பதிவேட்டிலிருந்து ஒரு நகல். போதகர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் அப்பாவின் பெயருக்கு எதிரே தொழில் என்ற இடத்தில் 'சிப்பாய்' என்று மையால் எழுதியிருந்தது. உங்கள் வீட்டில் பென்ஷன் வாங்கும் பட்டாளக்காரர் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவில் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலை அது.

இந்தக் காகிதங்களுக்காக டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோதுதான் டிஸ்சார்ஜ் புக், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் பதிவுப் புத்தகம், கைக்கு வந்தது. உயரம், அடையாள மச்சம், மதம், படிப்பு, போன இடங்கள், பதக்கங்கள், கடைசியில் நடத்தை: 'எக்ஸம்ப்ளரி', அதாவது முன்மாதிரி. வெலிங்டனில் பயிற்சி, பிறகு 16வது பட்டாலியன். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானப் படையிலிருந்து வந்த பட்டாலியன் அது. எங்கள் குமரி மாவட்டமும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர்தானே. பதக்கங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன: சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், நீண்ட சேவை மெடல்கள். கூடவே பஸ்சிமி ஸ்டார். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.

போரில் இருந்தாரா என்றே எங்களுக்குத் தெரியாது.

சங்கத்துப் பெரியவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் அதே பட்டாலியனில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். பக்கத்து ஊர்தான். காது கொஞ்சம் மந்தம், ஆனால் நினைவு துல்லியம். "மக்களே, உங்க அப்பாவும் நானும் மோர்ட்டார்ல ஒண்ணா இருந்தோம்" என்று ஆரம்பித்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த சண்டை. எதிரே அகலமான கண்ணிவெடி வயல். ஒரு பக்கம் 3 கிரனேடியர்ஸ் பட்டாலியன் ஜர்பால் என்ற இடத்தைப் பிடிக்க, இவர்கள் சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தார்கள். மறுநாள் எதிரி டாங்கிகள் திரும்ப வந்தன. பரம்வீர் சக்ரா பெற்ற இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் டாங்கிக்குள் உயிர்விட்டது அந்தச் சண்டையில்தான், டிசம்பர் 16. 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் போர்நிறுத்தம். படித்திருந்தேன், ஆனால் அப்பாவை அதற்குள் வைத்துப் பார்த்ததே இல்லை.

"சண்டை முடிஞ்சு எட்டாம் நாள் கிறிஸ்துமஸ். பதுங்கு குழியிலதான். பாதிரியார் யாரும் வரல. உங்க அப்பா பைபிள எடுத்து வாசிச்சாரு, நாங்க ஏழெட்டுப் பேரு இருந்தோம், அதுல ரெண்டு பேரு நாயருங்க." ரம்மைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அந்த ராத்திரி குடிச்சாரு மக்களே. குளிரு அப்படி." நினைவுக் குறிப்பில் கிறிஸ்துமஸை எழுதினேன், ரம்மை எழுதவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.

கடைசி வேலை கல்லறைக் கல். 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்' என்ற 2 தீமோத்தேயு 4:7 வசனம் வேண்டும் என்றாள் அம்மா. பட்டாளக்காரர் கல்லறைக்கு எல்லோரும் போடுகிற வசனம், ஆனால் அப்பாவுக்குப் பிடித்ததும் அதுதான். அதன் மேலே ரெஜிமென்ட் சின்னத்தைச் செதுக்க வேண்டும் என்றேன் நான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னம், அசாயே என்ற இடத்தில் நடந்த பழைய போரின் நினைவான அசாயே யானை, குறிக்கோள் வாசகம் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருத வரி. சபைக் கமிட்டியில் ஒருவர், கீதை வரியைக் கிறிஸ்தவக் கல்லறையில் எப்படிப் போடுவது என்று எழும்பினார். நியாயமான கேள்விதான், ஆனால் அப்பா அந்த ரெஜிமென்ட்டின் பேட்ஜைத் தொப்பியில் போட்டுக்கொண்டே ஜெபம் பண்ணியவர் என்றேன். போதகர் நடுவில் புகுந்து, யானை இருக்கட்டும், எழுத்தெல்லாம் தமிழிலேயே இருக்கட்டும் என்று முடித்துவைத்தார்.

கல் வெட்டுகிறவருக்குக் கோயில் யானைதான் பழக்கம். முதலில் நெற்றிப்பட்டமும் மணியும் வைத்துக் கோடு போட்டிருந்தார். பேட்ஜைக் கையில் கொடுத்து, பட்டம் வேண்டாம், மணி வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி வரையவைத்தேன். தும்பிக்கைக்குத் தனியாக இருநூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.