ரோபோ படங்களில் நான் தேடும் சிவப்பு பொத்தான்

கார் பாடி வெல்டிங் செய்யும் ரோபோக்களைப் பராமரிப்பது என் வேலை. ஒரகடம் பக்கம். கல்யாண வீட்டில் யாராவது என்ன உத்தியோகம் என்று விசாரித்துவிட்டு, "அப்போ சிட்டி மாதிரி பேசுமா?" என்று ஆரம்பிப்பார்கள். பேசாது. முகமே கிடையாது. ஆறு அச்சில் திரும்பும் ஒரு கை, அதன் முனையில் ஸ்பாட் வெல்டிங் கன், அவ்வளவுதான்.

ஆனாலும் ரோபோ படம் எதையும் நான் விடுவதில்லை. 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' தொடங்கி 'எக்ஸ் மெஷினா' வரை, செயற்கை மனிதர்களின் அழகிய முகத்தைப் பற்றியும் அவர்களுக்குக் காதல் வருமா, அழுகை வருமா என்பதைப் பற்றியும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். என் கண் போவது வேறு இடத்துக்கு. வேலி எங்கே இருக்கிறது? சாவி யாரிடம்? நிறுத்துவது எப்படி?

'ரோபோகாப்' (1987) படத்தில் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு ஈடி-209 என்ற காவல் எந்திரத்தைக் கொண்டுவருவார்கள். ஓர் இளம் அதிகாரி கையில் துப்பாக்கியைக் கொடுத்து அதை நோக்கி நீட்டச் சொல்வார்கள். துப்பாக்கியைக் கீழே போடு, 20 நொடி என்கிறது எந்திரம். அவர் போட்டுவிடுகிறார். எண்ணிக்கை நிற்கவில்லை. தொழில்நுட்ப ஆட்கள் கன்ட்ரோல் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் அவரைச் சல்லடையாக்கிவிடுகிறது. திட்டத்தின் பொறுப்பாளர் அதைச் சின்னக் கோளாறு என்று சமாளிப்பார். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிற இடம். கஸ்டமர் விசிட் அன்று லைனில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் வயிற்றைப் பிசையும். அந்த மேசையில் எமர்ஜென்சி ஸ்டாப் என்கிற சிவப்பு பொத்தான் ஒன்று இருந்திருந்தால் காட்சியே இல்லை.

'எந்திரன்' (2010) பற்றி நண்பர்களோடு எனக்கு நிரந்தரச் சண்டை. சிட்டிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பரிசோதிக்கும் இடத்தில் விஞ்ஞானி போரா, சிட்டியை உருவாக்கிய வசீகரனையே குத்தச் சொல்வார். சொன்னதும் சிட்டி குத்தக் கிளம்பிவிடும். அனுமதி மறுக்கப்படும். போரா பொறாமைக்காரர், வில்லன், எல்லாம் சரி. ஆனால் ஆடிட் என்று பார்த்தால் அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. யார் எதைச் சொன்னாலும் செய்கிற எந்திரத்துக்கு நானும் கையெழுத்துப் போடமாட்டேன்.

ரோபோவை இயக்கக் கையில் வைத்திருக்கும் பலகைக்கு டீச் பெண்டன்ட் என்று பெயர். அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச் உண்டு. ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்க வேலிக்குள் போகும்போது அதை விரலால் பாதி அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் ரோபோ நின்றுவிடும். முழுசாக இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும். திடீரென்று பயந்துபோன ஆள் கையில் இருப்பதை விட்டுவிடுவான், இல்லையென்றால் இறுக்கிப் பிடிப்பான். இரண்டுக்கும் ஒரே பதில். அந்த நேரத்தில் கையின் முனை வேகமும் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. சினிமாவில் எந்த ரோபோவும் மனித சுபாவத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

புதிதாக வருகிற பையன்கள் ஓடுகிற ரோபோவைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நிற்கிற ரோபோவிடம் உரிமையோடு போவார்கள். பயப்பட வேண்டியது நிற்பதற்குத்தான். அது ஒரு சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்சரில் இருக்கும் சென்சார் மேல் வெல்டிங் துகள் படிந்து சிக்னல் தடுமாறியிருக்கும். பையன் குனிந்து துணியால் துடைப்பான். பார்ட் வந்துவிட்டது என்று சென்சார் சொல்லும். கை கிளம்பிவிடும். அதனால்தான் கேட் திறந்தாலே மோட்டார்களுக்குப் பவர் கட் ஆக வேண்டும், உள்ளே போகிறவனுடைய பூட்டு கேட்டில் தொங்க வேண்டும், சாவி அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று தொண்டை வறளக் கத்துகிறோம். 1979இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு வார்ப்பட ஆலையில் ரோபோ அடித்து ஒரு தொழிலாளி இறந்தார். பாகங்களை எடுக்க ரேக்கில் ஏறியிருந்தார். அந்த ரோபோவுக்கு மனிதர்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. அங்கே ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. சினிமாவில் இந்த வகை மரணம் குறைவு. எந்திரத்துக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தால்தான் கதை நகரும் போல.

மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கிய 'வெஸ்ட்வேர்ல்ட்' (1973) எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் ஆபத்து வருவது கெட்ட எண்ணத்தால் அல்ல, பழுதால். பணக்காரர்கள் ரோபோக்களைச் சுட்டு விளையாடும் உல்லாசப் பூங்கா. எல்லோருக்கும் நினைவில் நிற்பது யூல் பிரின்னர் நடித்த துப்பாக்கி வீரன். எனக்கோ அதில் வரும் நைட் ஷிஃப்ட். விருந்தாளிகள் தூங்கியதும் வண்டி வந்து சுடப்பட்ட ரோபோக்களை அள்ளிக்கொண்டு போகும். விடிவதற்குள் பழுது பார்த்து மறுபடி தெருவில் நிறுத்தியாக வேண்டும். பராமரிப்பு ஆட்களை இப்படிக் காட்டிய படம் வேறு அதிகம் இல்லை.

அந்த ரோபோக்களை மனிதர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது கை மட்டும்தான். கையை மட்டும் இன்னும் சரியாகச் செய்ய முடியவில்லை என்று ஒரு பாத்திரம் சொல்லும். கிரைட்டனுக்கு எப்படித் தெரிந்ததோ! எங்கள் பாடி ஷாப்பில் வெல்டிங் முழுக்க ரோபோதான். பக்கத்து லைனில் வயரிங்கை காருக்குள் இழுத்து மாட்டுவது இன்றைக்கும் மனித விரல்கள். வளைகிற, துவள்கிற எதைக் கொடுத்தாலும் ரோபோவின் விரலான கிரிப்பர் திணறும்.

பிறகு படத்தில் வரும் அந்த மீட்டிங். பிரேக்டவுன் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுபோலப் பரவுகிறது என்கிறார் தலைமை மேற்பார்வையாளர். இவற்றில் சிலவற்றைக் கணினிகளே வடிவமைத்திருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று நமக்கே முழுதாகத் தெரியாது என்றும் சொல்கிறார். மூடிவிடலாமா என்று பேச்சு வந்து, உள்ளே இருக்கும் விருந்தாளிகளைக் காரணம் காட்டிப் பூங்கா தொடர்ந்து ஓடும். டிஸ்பாட்ச் இருக்கிறது, ஷிஃப்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது அறிவியல் புனைகதையாகவே படாது.

நிலைமை கைமீறியதும் கட்டுப்பாட்டு அறையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். கதவுகள் பூட்டிக்கொள்ளும். திரும்பப் பவர் போட முடியாது. ரோபோக்களோ சேமித்த மின்சாரத்தில் வெளியே திரியும். உள்ளே இருப்பவர்கள் காற்றில்லாமல் சாவார்கள். மிகையாகத் தெரியலாம். ஆனால் பவரை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலிலும் ஆபத்துதான். பவர் போனதும் எங்கள் ரோபோவில் பிரேக் பிடித்துக்கொள்ளும், கை கீழே விழாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கைக்கும் ஃபிக்சருக்கும் நடுவில் ஆள் மாட்டியிருந்தால் அதே பிரேக்தான் எமன். அதற்காகவே பிரேக்கை விடுவிக்கத் தனி வழி வைத்திருக்கிறார்கள். விடுவிக்கும்போது கையின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அது தனிப் பாடம்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, அந்த அறையில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது என் வழக்கம். ஜெனரேட்டர் என்பார்கள். கடப்பாரை என்றான் ஒருவன், தப்பில்லை. டிப்ளமோ முடித்து வந்த ஒரு பெண், "சார், மொதல்ல இந்த ரூமுக்கு சேஃப்டில சைன் போட்டது யாரு?" என்றாள். அவளை எங்கள் டிபார்ட்மென்டுக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.